வளைந்த முகத் தொட்டிக்கு மரக் கேனோபி: மஞ்சக்குப்பத்தில் செய்த ஒரு வேலையின் முழு விவரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் மருத்துவமனை. அதன் காத்திருப்பு அறையில் 4 அடி நீளத்தில், முன்கண்ணாடி வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே ஏஞ்சல் மீன்கள், கொஞ்சம் டெட்ரா, அடியில் கோரி. தொட்டியில் எந்தக் குறையும் இல்லை. அதன் மேல் உட்கார்ந்திருந்த கேனோபிதான், அதாவது விளக்கை உள்ளே வைத்துத் தொட்டியின் மேல்பக்கத்தை மூடும் பெட்டிதான், ஒரே மழைக்காலத்தில் உப்பிப் பிளந்துவிட்டது. புதிதாக ஒன்று செய்து தர முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். தொட்டிப் பராமரிப்பு என் தொழில். மர வேலைக்கு நெல்லிக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் கூட வந்தார்.

வளைந்த தொட்டிக்குக் கேனோபி என்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் வளைவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பலகையை எப்படி வளைப்பது, உடையாதா, கோடு தெரியாதா என்று. வளைவு சிரமம்தான், ஆனால் பொறுமை இருந்தால் வந்துவிடும். கேனோபி நிலைப்பதும் வீணாவதும் அதன் உட்புறத்தில் முடிவாகிறது. இந்த வேலையில் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாம் அந்த உட்புறத்தை நினைத்து எடுத்தவைதான்.

பழையது ஏன் போனது

புதியதற்கு அளவு எடுக்கும் முன் பழையதைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் பார்த்தோம். மரத்தூள் அட்டை, மேலே மைக்கா. கடலோர ஊர், உப்புக் காற்று, அதனால்தான் போயிற்று என்று அங்கே எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆனால் வெளிப்பக்க மைக்கா புதிது போல இருந்தது. உப்பல் முழுக்க உள்ளே. அதிலும் பின்பக்கம் குழாய்களுக்காக வெட்டிய ஓட்டை அருகே அட்டை உறுதியாகவே இருந்தது. முன்பக்கம், வளைவின் நடுவில், காற்று போகவே வழியில்லாத இடத்தில் விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. வெளியே இருந்து ஈரம் வந்திருந்தால் சேதம் இப்படி அமையாது. தண்ணீர் தொட்டிக்குள்ளிருந்தே ஏறியிருக்கிறது.

அதற்கு ஏசி ஒரு காரணம். கேட்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது, ஏசி அறை காய்ந்த அறை ஆயிற்றே என்பார்கள். அறை காய்ந்ததுதான், கேனோபியின் உள்ளே அப்படி இல்லை. மருத்துவமனை நேரத்தில் அறை 24 டிகிரி. தொட்டியில் 260 லிட்டர் தண்ணீர், மோட்டார் சூடும் விளக்குச் சூடும் சேர்ந்து 27 டிகிரியில் நிற்கிறது. வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று ஆவியால் நிறைந்திருக்கும். அதற்கு மேலே ஏசி காற்று பட்டுக் குளிர்ந்த பலகை. ஆவி அங்கே போய் முட்டி நீர்த்துளியாக மாறுகிறது. ஏசி இல்லாத வீட்டில் தண்ணீரும் அறையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் இவ்வளவு துளி பிடிப்பதில்லை. கடலில் இருந்து தள்ளி, கண்ணாடிக் கதவு சாத்திய அறையில் இருக்கும் தொட்டிக்குக் கடற்கரை வீட்டுத் தொட்டியைவிட ஈரத் தொல்லை அதிகம் என்பது இப்படித்தான்.

மரத்தூள் அட்டை ஒருமுறை உப்பினால் திரும்பாது. அழுத்தி ஒட்டிய துகள்கள் நீரைக் குடித்து விரியும்போது இடையில் இருக்கும் பசைப் பிடிப்பு விட்டுப்போகிறது. காய வைத்தாலும் பழைய கனத்துக்கு வராது, பலமும் வராது. மீன் தொட்டிக்கு மேலே அதற்கு இடமே கிடையாது என்பது என் கருத்து.

வளைவைப் பிடிப்பது

தொட்டியின் நீளம் 48 அங்குலம். பக்கவாட்டில் ஆழம் 14, நடுவில் 18. அதாவது நடுவில் 4 அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது. இந்த இரண்டு அளவு இருந்தால் வட்டத்தின் ஆரத்தைக் கணக்கிட்டுவிடலாம்: நீளத்தின் வர்க்கத்தை, தள்ளலின் எட்டு மடங்கால் வகுத்து, தள்ளலில் பாதியைக் கூட்ட வேண்டும். 2304-ஐ 32-ஆல் வகுத்தால் 72, அதோடு 2 சேர்த்தால் 74 அங்குலம். 6 அடி 2 அங்குலம். ஒரு நீள ரீப்பரின் ஒரு முனையில் ஆணி, மறு முனையில் பென்சில் வைத்துப் பட்டறைத் தரையில் இந்த வில்லை வரைந்துவிடலாம். வளைவின் மேலாக அளந்தால் நீளம் ஏறக்குறைய 48 அங்குலம் 7 நூல் (ஒரு அங்குலத்துக்கு 8 நூல்). நேர்ப் பலகையைவிட ஒரு அங்குலம்கூட அதிகமில்லை, அவ்வளவு மென்மையான வளைவு.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து நேராக வெட்டப் போகக் கூடாது. அந்த ஆரத்தில் ஒரு ஹார்ட்போர்டு வில் வெட்டித் தொட்டியின் மேல் சட்டத்தில் வைத்துப் பார்த்தோம். இரு முனையும் நடுவும் சரியாக இருந்தன. கால் பங்கு தூரத்திலும் முக்கால் பங்கு தூரத்திலும் தொட்டிச் சட்டம் வில்லுக்கு வெளியே 2 நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை உலையில் சூடாக்கி அச்சில் வளைக்கும்போது நடுப்பகுதி கொஞ்சம் தட்டையாகவும் முனைகள் கொஞ்சம் இறுக்கமாகவும் வந்திருக்கிறது. 2 நூல் என்றால் கால் அங்குலம். கேனோபிக்கும் தொட்டிச் சட்டத்துக்கும் நடுவே நாங்கள் விட நினைத்த இடைவெளியே அவ்வளவுதான். சூத்திரத்தை மட்டும் நம்பி வெட்டினால் கேனோபி இரண்டு இடத்தில் சட்டத்தில் கவ்விக்கொள்ளும். வளைவு உண்மையான வட்டமா என்று சோதிக்க மட்டும் கணக்கு, வெட்டுவதற்குத் தொட்டியில் வைத்தே வரைந்த அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை எடுக்கும் முறை இது. தொட்டியின் மேல் கெட்டியான அட்டைப் பெட்டித் தாளை விரித்து நான்கு மூலையிலும் டேப் போட்டோம், அசையவே கூடாது. சிறிய மூலைமட்டத்தைத் தொட்டிச் சட்டத்தின் வெளி விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து, அதை ஒட்டிக் கீழிருந்து பென்சிலை நகர்த்திக்கொண்டே போனார் ஆசாரி. கோடு விழுந்ததும் அட்டையை வெட்டி, இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இடது பக்கம் ஒரு நூல் வித்தியாசம். தொழிற்சாலைத் தொட்டிதான், இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றில்லை. உடனே அட்டையில் "இடது", "முன்", "மேல்" என்று பெரிதாக எழுதினார். பட்டறையில் நான்கு பேர் கை படும் இடத்தில் அட்டை ஒருமுறை தலைகீழானால் அந்த ஒரு நூல் இரண்டு நூலாகும்.

அட்டையில் இருப்பது தொட்டியின் விளிம்பு. கேனோபியின் உள்முகம் அதிலிருந்து கால் அங்குலம் வெளியே, எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் ஓட வேண்டும். அட்டையை அப்படியே முன்னால் நகர்த்தி வரைந்தால் நடுவில் கால் அங்குலம் கிடைக்கும், பக்கவாட்டில் ஒன்றும் கிடைக்காது. ஆசாரி ஒரு இரும்பு வாஷர் எடுத்தார். துளையில் பென்சில் முனையைக் குத்தினால் வெளி விளிம்பு வரைக்கும் சரியாக 6 மி.மீ. நிற்கிற மாதிரி தேடி எடுத்த வாஷர். அதை அட்டை ஓரத்தில் உருட்டிக்கொண்டே போனால் பென்சில் இணையாக ஒரு கோடு போடுகிறது. மூலையிலும் தப்பாது. கருவிக் கடையில் இதற்குத் தனி உபகரணம் விற்கலாம், இந்த வாஷரைவிட நன்றாக அது வரையாது.

வளைப்பதற்கு எந்த வழி

பலகையின் பின்பக்கம் வரிசையாக ரம்ப வெட்டுப் போட்டு வளைப்பது நம் பக்கம் பழக்கமான முறை. கடைகளின் வரவேற்பு மேசைகள் பலவும் அப்படித்தான் செய்யப்படுகின்றன. இங்கே அதை வேண்டாம் என்றோம். 18 மி.மீ. பிளைவுட்டை இந்த வளைவுக்குக் கொண்டுவர, உள்முகம் வெளிமுகத்தைவிட மொத்தமே 12 மி.மீ. சுருங்கினால் போதும். ரம்பத்தின் வெட்டு 3 மி.மீ. அகலம் என்றால் 4 வெட்டு முழுதாக மூடினாலே கணக்கு முடிந்தது. ஆனால் 4 வெட்டில் வருவது வளைவு இல்லை, 5 தட்டை முகம் கொண்ட பலகை. வெட்டுகளை அதிகமாக்கினால் முகம் சீராகும், ஆனால் எந்த வெட்டும் முழுதாக மூடாது. தொட்டியின் ஆவி ஏறும் பக்கத்தில் வரிசையாகத் திறந்த பிளவுகள், ஒவ்வொன்றிலும் பூச்சு இல்லாத மரம் வெளியே தெரியும். பழையதைக் கொன்ற ஈரத்துக்கு நாமே வாசல் வைத்த மாதிரி ஆகிவிடும். வரவேற்பு மேசைக்கு உகந்தது எல்லாம் மீன் தொட்டிக்கு உகந்ததல்ல.

எடுத்த வழி அடுக்கு முறை. 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில், வளைவுக் கோட்டின்படி ஜிக்சாவால் இரண்டு வில் சட்டங்கள் வெட்டினோம், ஒவ்வொன்றும் 2 அங்குல அகலம். ஒரு வில்லின் உள்கோடு அடுத்ததற்கு வெளிக்கோடாக வருகிற மாதிரி அடுத்தடுத்து வரைந்தால் மரம் மிச்சமாகும் என்று தோன்றும், ஆனால் உள்கோட்டின் வளைவு ஒரு துளி இறுக்கம், அதனால் இரண்டாவதையும் அட்டை வைத்தே வரைந்தோம். இரண்டையும் சேர்த்து இறுக்கி ஓரத்தை ஒன்றாக இழைத்ததால் இரண்டும் ஒரே வில்லாக வந்தன. ஒன்று மேலே, ஒன்று தொட்டிச் சட்டத்துக்குச் சற்று மேலே. இந்த இரண்டின் மீதும் 4 மி.மீ. பிளைவுட்டை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஒட்டினோம். 4 மி.மீ. ஷீட் 6 அடி ஆரத்துக்குக் கையால் அழுத்தினாலே வளைந்து கொடுக்கும், தண்ணீரில் ஊற வைக்கவோ ஆவி கொடுக்கவோ தேவையில்லை. மூன்றும் பசையால் ஒன்றாகிவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். தனியாக அச்சில் ஒட்டி எடுத்தால் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். இங்கே வில் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டதால் நிமிர இடமில்லை.

இவ்வளவு கிளாம்ப் எந்த ஊர்ப் பட்டறையிலும் இருக்காது. ஆசாரி பழைய சைக்கிள் டியூபை நீள வாட்டில் கிழித்து நாடா நாடாக வைத்திருக்கிறார். முனைகளில் கிளாம்ப், நடுவில் டியூப் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்று. ரப்பர் வளைவின் எல்லாப் புள்ளியிலும் சமமாக அழுத்துகிறது, மேல் அடுக்கில் தழும்பும் விழவில்லை. மேல் அடுக்கு தேக்கு வெனீர் ஒட்டிய ஷீட், ரேகை கிடைவாக்கில். பசை தண்ணீர் தாங்கும் வகை. பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. கடையில் "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லி ஐ.எஸ். 303 முத்திரையுள்ளதைக் கொடுப்பார்கள். அது சமையலறை அலமாரிக்குச் சரி, ஓயாமல் ஆவி ஏறும் இடத்துக்கு 710 வாங்குவதுதான் நல்லது. முத்திரையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

மூலை இன்னொரு சங்கதி. முன்பலகை வளைந்து வந்து பக்கப் பலகையைச் சந்திக்கும் இடம் நேர்க்கோணம் இல்லை. ஆரக் கணக்குப்படி 109 டிகிரி. முனைகள் இறுக்கமாக இருந்ததால் நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் விரிவு. இரண்டு பிளைவுட் ஓரங்களை இந்தக் கோணத்தில் சீவி ஒட்டினால் ஓரத்தின் அடுக்குகள் வெளியே தெரியும், அங்கேதான் முதலில் நீரும் குடிக்கும். அதனால் இரண்டு மூலையிலும் கெட்டி மரத்தில் ஒரு கால் வைத்தோம், கோணத்தை அந்தக் கால் வாங்கிக்கொள்ளும். மரம் பலா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் அடியோடு சாய்ந்தன. அப்போது அறுத்துப் பட்டறை அட்டத்தில் போட்டு வைத்த பலாத் துண்டுகள் ஆசாரியிடம் இன்னும் இருக்கின்றன. அத்தனை வருடம் நிழலில் காய்ந்த மரம், இனி முறுக்க அதில் ஒன்றும் இல்லை. காலின் வெளிமுகத்தை இழைப்புளியால் சிறிது சிறிதாக உருட்டினார். பலாச் சுருள் மஞ்சளாக உதிர்ந்து விழுந்தது. முன்பலகையின் வளைவு பக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் கையை ஓட்டிப் பார்த்தால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த மூலைதான்.

எங்கே திறப்பது

கீல் நேர்க்கோட்டில்தான் வேலை செய்யும். வளைந்த விளிம்பில் கீல் போட முடியாது, போட்டாலும் திரும்பாது. முன்பக்கம் கதவு வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் மேல்பலகையைப் பின்னிலிருந்து 6 அங்குலத்தில் ஒரே நேர்க்கோடாகப் பிரித்தோம். பின்துண்டு நிலையானது, முன்துண்டு பியானோ கீலில், அதாவது விளிம்பு முழுக்க ஓடும் நீளக் கீலில், மேலே தூக்கித் திறக்கும் மூடி. விளக்கு மூடியில் தொங்காமல் அதற்கென்று வைத்த தனிக் குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. மூடியைத் தூக்கும்போது விளக்கும் கம்பியும் கூடவே வந்தால் ஒரு நாள் தண்ணீரில் விழும்.

ஸ்டாண்டு, தொட்டி, கேனோபி எல்லாம் சேர்த்தால் தரையிலிருந்து 4 அடி 10 அங்குலம். தீவனம் போடுவது வரவேற்பில் இருக்கும் பெண், சுமார் 5 அடி உயரம். தினமும் தலை மட்டத்தில் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தீவனம் போடச் சொல்வது நியாயமில்லை. பக்கப் பலகை நேரானது, அங்கே கீல் தாராளமாக வேலை செய்யும். இடது பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு வைத்தோம். மூடியைத் திறப்பது வாரச் சுத்தத்துக்கு நான் போகும்போது மட்டும். அடிமண் வரை கை எட்ட வேண்டுமானால் கேனோபியையே தூக்கி இறக்கிவிடலாம், மொத்த எடை 12 கிலோவுக்குள். கேனோபியின் கனம் பக்கங்களிலும் பின்னாலும் உள்ளே அடித்த ரீப்பர் வழியாகத் தொட்டிச் சட்டத்தில் இறங்குகிறது. முன் வளைவில் எதுவும் உட்காரவில்லை. முன்பலகை ஒரு அங்குலம் கீழே இறங்கித் தண்ணீர்க் கோட்டை மறைக்கிறது, அவ்வளவே.

உள்ளே என்ன பூசுவது, என்ன பூசக் கூடாது

வெட்டி ஒட்டி முடித்த பிறகு ஆசாரி பட்டறை மூலையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கரையான் மருந்து. "உள்ளே மருந்து அடிக்காம எந்தச் சாமானும் என் பட்டறைய விட்டுப் போனதில்ல தம்பி" என்றார். பீரோவுக்கும் கட்டிலுக்கும் அது நல்ல பழக்கம். மீன் தொட்டிக்கு அது விஷம். இந்த மருந்துகளில் குளோர்பைரிபாஸ் அல்லது சைபர்மெத்ரின் போன்றவைதான் இருக்கும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மீன் செத்துப்போகும் ரகம். 260 லிட்டர் தொட்டிக்கு மொத்தம் ஒரு மில்லிகிராம் என்றாலே ஆபத்து. மூடியின் அடியில் படிந்த துளி அந்த மருந்தை ஏந்திக்கொண்டு நேராகத் தண்ணீரில் விழும். விளக்கிச் சொன்னதும் அண்ணன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்தார். மருந்து அடித்த பிரஷ்ஷையும் இந்த வேலைக்கு எடுக்கவில்லை. மீன் வளர்க்கிறவர் மர வேலையைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டால் இந்த இடத்தில் தடுக்க ஆள் இருக்காது. ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மரைன் பிளைவுட்டே பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் பதப்படுத்தப்பட்டதுதான். அதனால் உள்முகம் முழுவதும் அடைபட வேண்டும், மரத்துக்கு நீர் போகாமலிருக்கவும் வேண்டும், மரத்தில் உள்ளது நீருக்குப் போகாமலிருக்கவும் வேண்டும். இரண்டு பொருள் கலந்து பூசும் எபாக்சியை மூன்று கை பூசினோம். முதல் கையை ஓரங்களுக்கும் திருகாணித் துளைகளுக்கும்தான் கொடுத்தோம், முகத்துக்கு அப்புறம்தான். பிளைவுட்டின் ஓரம் நீரை உறிஞ்சும் அளவுக்கு முகம் உறிஞ்சாது. திருகாணியை எபாக்சியில் தோய்த்தே முறுக்கினோம், 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கீலும் அதே. பித்தளைக் கீல் அழகுதான், ஆனால் அதில் செம்பு இருக்கிறது, நீர் பட்டுச் சொட்டினால் இறால், நத்தை வகைகளுக்கு ஆகாது. மேலே வெள்ளை எபாக்சி பூச்சு கொடுத்ததில் விளக்கு வெளிச்சமும் வீணாகாமல் கீழே திரும்புகிறது.

வெளிமுகத்துக்கு பாலியூரித்தேன், பளபளப்பில்லாத வகை. லாக் பாலிஷ் (அரக்குப் பூச்சு) வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டார், அவர் வீட்டு நாற்காலிகளில் அதுதான். லாக் பாலிஷ் ஈரம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அதை விட்டோம். பூச்சு முழுவதும் இறுகும் வரை கேனோபியைப் பட்டறை வாசலில் நிழலில் கவிழ்த்து வைத்தோம். உள்ளே மூக்கை நுழைத்து வாசனையே இல்லை என்ற பிறகுதான் தொட்டிக்கு மேலே ஏறியது. விளக்கின் ஓரங்களை அடைக்க சிலிகான் தேவைப்பட்டது. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிகானை வாங்காமல், மீன் தொட்டி ஒட்டும் சாதாரண வகையை வாங்கினோம். அந்தப் பூஞ்சை மருந்தும் மீனுக்கு ஆகாது.

காற்று

எவ்வளவு பூசினாலும் துளி நாள் முழுவதும் தங்கினால் எங்கோ ஒரு முடி அளவு கீறலில் வழி கண்டுபிடிக்கும். துளியே பிடிக்காமல் பார்ப்பதுதான் வேலை. தொட்டியின் மேல் கண்ணாடித் தகடு போட்டால் ஆவி ஏறாது, அதையும் யோசித்தோம். ஆனால் அங்கே போர் தண்ணீர். தெறிக்கும் தண்ணீர் காய்ந்து சில வாரத்தில் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு பிடிக்கும், வெளிச்சம் குறையும், துடைக்க ஆள் கிடையாது. வேண்டாம் என்றோம்.

கேனோபியின் பின்பக்கம், மேலே ஒரு 3 அங்குலச் சட்டம் தவிர, முழுக்கத் திறந்தே இருக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்பதால் வெளியே தெரிவதில்லை. ஆனால் பழையது காட்டிய பாடம், பின்னால் திறந்திருந்தாலும் முன் வளைவின் நடுவில் காற்று தேங்கும் என்பது. எனவே நிலையான பின்துண்டில் இரண்டு 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட். வழக்கமாக எல்லாரும் ஆவியை வெளியே உறிஞ்சும்படி மாட்டுவார்கள். நாங்கள் திருப்பி மாட்டினோம். அறையின் காய்ந்த ஏசி காற்றை உள்ளே தள்ளி முன் வளைவு நோக்கிச் சாய்த்து ஊதும், ஈரக் காற்று பின்வழியே தானாக வெளியேறும். உறிஞ்சும் ஃபேன் நாள் முழுவதும் ஆவியில் நனைந்து உள்ளே அரித்துச் சாகும், ஊதும் ஃபேன் காய்ந்த காற்றில் இருக்கும். தூசுக்கு மேலே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு. காத்திருப்பு அறையில் இரைச்சல் கூடாது என்பதால் அடாப்டரில் 9 வோல்ட் வைத்தோம், காது கொடுத்தால்தான் கேட்கும்.

சோதிக்கக் கருவி தேவையில்லை. மூடியின் அடியில், முன் வளைவின் நடுவிலும் இரண்டு மூலையிலும் டிஷ்யூ பேப்பர் துண்டை டேப் போட்டு ஒட்டி, மாலை மருத்துவமனை நேரம் முடிந்ததும் தொட்டுப் பார்த்தோம். ஃபேன் ஓடாத நாளில் நடுத் துண்டு கசங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிய நாளில் மூன்றும் சரசரத்தன. ஏசி ஓடும் நேரத்தில் ஃபேனும் ஓட வேண்டும் என்று அதே டைமரில் கோத்துவிட்டோம். தண்ணீர் சூடும் ஒரு டிகிரி போல இறங்கியது. பதிலுக்கு ஆவியாகும் தண்ணீர் கூடும், வாரம் இருமுறை மட்டம் பார்த்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

மின்சாரத்துக்கு அடாப்டர்கள் எல்லாம் கேனோபிக்கு வெளியே, ஸ்டாண்டின் பக்கவாட்டில். ஒவ்வொரு கம்பியும் பிளக் மட்டத்துக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறுகிறது, வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்த பிறகே விளக்கைப் போட்டோம்.

மழைக்குப் பிறகு

கேனோபி ஏறியது 2024 மழைக்கு முன்னால். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மருத்துவமனைப் பகுதியில் மின்சாரம் போய், விளக்கும் மோட்டாரும் ஃபேனும் நின்றன. முன்னமே சொல்லி வைத்திருந்தபடி வாட்ச்மேன் மூடியைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைத் தொட்டியில் போட்டுவிட்டார். மீன் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடிய பெட்டிக்குள் காற்றோட்டமும் நின்று மோட்டாரும் நின்றால் ஆக்சிஜன் இறங்கும், மின்வெட்டில் மூடியைத் திறப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மழை முடிந்து கேனோபியைக் கவிழ்த்துப் பார்த்தோம். உள் எபாக்சியில் உப்பல் இல்லை, ஓரங்களில் கருப்பு இல்லை. திருகாணித் தலை ஒன்றிலும் துரு இல்லை. மூடிக்கும் பலாக் காலுக்கும் நடுவே ஆசாரி ஒரு நூல் விட்டிருந்தார், மழை உச்சத்தில் அது பாதியாகக் குறைந்து தையில் பழையபடி ஆனது. பிளைவுட் அசையவில்லை, கெட்டி மரம் மட்டும் மூச்சு விட்டிருக்கிறது. பலாவின் மஞ்சள் பழுப்பாக இறங்கி, தேக்கு வெனீரின் நிறத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. சாயம் ஏற்றிச் சரிக்கட்டலாமா என்று முதலில் டாக்டரம்மா கேட்டபோது ஆசாரி வேண்டாம் என்று தடுத்தது இதற்காகத்தான்.

இப்போது அங்கே செய்வது கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை ஃபேன் ஸ்பாஞ்சைக் கழுவுவது, மூடியின் அடியை உலர்ந்த துணியால் துடைப்பது, வருடம் ஒருமுறை திருகாணிகளைச் சுற்றிப் பார்த்துத் தேவைப்பட்ட இடத்தில் எபாக்சி தொடுவது. டாக்டரம்மாவின் தம்பி வீட்டில், புதுச்சேரி லாஸ்பேட்டையில், அதே கம்பெனியின் அதே அளவுத் தொட்டி இருக்கிறது. அதற்கும் ஒன்று கேட்டிருக்கிறார். பழைய அட்டையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம், வலது முனையில் ஒன்றரை நூல் தள்ளி நிற்கிறது. அங்கேயே புதிய அட்டை விரித்து டேப் போட்டாயிற்று. அந்த வீட்டில் ஏசி இல்லை, அதனால் ஃபேன் வேண்டுமா என்பதை டிஷ்யூ ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.